குவான் லான் தீவில் சா சுங் தேடி

ஞாயிறு, ஹனோய்

வியட்நாமின் வடகிழக்கு மூலையில், சீன எல்லையைத் தொட்டபடி இருக்கிறது குவாங் நின் மாகாணம். கடல் வற்றும் நேரத்தில் அங்கே பெண்கள் மணலைத் தோண்டி ஒரு புழுவை எடுக்கிறார்கள். உள்ளூரில் அது சா சுங். விலங்கியலில் சிப்பங்குலஸ் நூடஸ். வேர்க்கடலைப் புழுக்கள் என்று அழைக்கப்படும் கூட்டத்தில் உருவத்தில் பெரியது, ருசியில் பேர் வாங்கியது. காய்ந்த சரக்கு கிலோ 40 லட்சம் டோங்குக்குக் குறையாது. நம் பணத்தில் 13,000 ரூபாய்க்கு மேல். அதைத் தோண்டும் குவான் லான் தீவுக்குத்தான் இந்த வாரப் பயணம்.

விலங்கியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பாடத்திட்டத்தின் கடைசியில் 'சிறு தொகுதிகள்' என்று ஒன்று வருமே, அதில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். ஆய்வகத்தில் ஃபார்மலின் ஜாடிக்குள் வெளிறிச் சுருங்கிக் கிடக்கும். இனம் கண்டு, படம் வரைந்து, பாகம் குறித்தால் மதிப்பெண். வருஷா வருஷம் அந்த ஜாடியைக் காட்டிப் பாடம் நடத்துகிறவள் நான். உயிரோடு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

பழைய நகர்ப்பகுதியில் இன்று ஃபோ சாப்பிட்டேன், இங்கத்து நூடுல்ஸ் சூப். மாட்டெலும்பை இரவெல்லாம் கொதிக்கவிட்டு எடுக்கும் சாற்றில் பழைய கைகள் நாலைந்து காய்ந்த சா சுங்கை வறுத்துப் போடுவார்களாம். சர்க்கரை போடாத இனிப்பு ஒன்று சாற்றில் இறங்கும். காரணம் வேதியியல்தான். கடலின் உப்புக்கு ஈடு கொடுக்கக் கடல் புழுக்கள் தங்கள் தசைகளில் கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்து வைத்திருக்கின்றன. இவை இரண்டுமே நாக்குக்கு இனிப்பானவை. நான் சாப்பிட்ட கடையில் புழு போடுகிறார்களா என்று கேட்கச் சொன்னேன். கடைக்காரர் சிரித்துவிட்டு அஜினோமோட்டோ டப்பாவைத் தூக்கிக் காட்டினார். நேர்மையான மனிதர்.

கடல் உயிரியல் படிக்கும் ஹனோய் மாணவி ஒருத்தி மொழிபெயர்ப்புக்குக் கூட வருகிறாள். என்னை 'சீ' என்று கூப்பிடுகிறாள். அக்கா.

திங்கள், குவான் லான்

காலையில் வேன். ஹாய் ஃபோங், ஹா லோங் வழியாக விரைவுச் சாலை வான் தோன் வரைக்கும் போகிறது. ஆவ் தியென் துறையில் வேகப் படகு ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தீவு. வழி நெடுக பாய் து லோங் விரிகுடாவின் சுண்ணாம்புக் குன்றுகள் கடலுக்குள் இருந்து செங்குத்தாக நிற்கின்றன. ஹா லோங்கின் அதே குன்றுகள்தான், சுற்றுலாக் கப்பல்கள் மட்டும் இல்லை. 2024 செப்டம்பரில் யாகி புயல் இந்தப் பக்கம் கரை ஏறியது. மீன் வளர்க்கும் மிதவைகள் பலவற்றை அடித்துக்கொண்டு போனதாகப் படகுக்காரர் சொன்னார். இப்போது திரும்பக் கட்டிய மிதவைகளின் பிளாஸ்டிக் பீப்பாய்கள் புதுசாக நீலம் காட்டுகின்றன.

குவான் லான் நீண்டு ஒடுங்கிய தீவு. தெற்கே குவான் லான், வடக்கே மின் சௌ, நடுவில் ஒரே தார்ச் சாலை, அதில் பேட்டரி வண்டிகள். 1149இல் லீ வம்சத்து அரசர் வான் தோனைத் துறைமுகமாக்கியபோது இந்தத் தீவுக்கூட்டம் சீன, ஜாவா, சயாம் கப்பல்கள் வந்துபோகும் இடமாக இருந்தது. 1288இல் மங்கோலியப் படைக்கு உணவு ஏற்றி வந்த கப்பல்களை இந்த நீர்வழியில்தான் தளபதி த்ரான் கான் து அழித்தார். ஊர்ப் பொதுமண்டபத்தில் அவருக்கு வழிபாடு நடக்கிறது. சந்திர நாட்காட்டியின் 6ஆம் மாதத்தில் படகுப் போட்டியோடு திருவிழா.

எனக்கு வேண்டியது மணல். கண்ணாடித் தொழிற்சாலைகளுக்கு வெட்டியெடுத்துப் போகும் அளவுக்கு சுத்தமான வெள்ளைச் சிலிக்கா மணல் இந்தத் தீவுகளில். கையில் அள்ளினால் விரல் இடுக்கில் ஒட்டாமல் உதிர்கிறது. கடலோரம் போகப் போக அதில் கொஞ்சம் சேறு கலக்கிறது. அந்தக் கலவைதான் புழுவுக்குப் பிடித்தது. வெறும் மணலில் தின்ன எதுவும் இருக்காது. வெறும் சேற்றில் துளை நிற்காது.

நாங்கள் தங்கும் வீட்டுக்காரம்மாவே சா சுங் தோண்டப் போகிறவர். மாணவி அவரை 'பாக்' என்கிறாள், பெரியம்மா மாதிரி. அவர் என்னை 'கோ ஸாவ்' என்கிறார், டீச்சரம்மா. நாளை விடிவதற்கு முன்னால் எழுந்திருக்கச் சொல்லியிருக்கிறார்.

செவ்வாய், மணல்வெளி

இந்தக் கடலின் விசித்திரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நமக்குத் தெரிந்த கடல்கள் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றும். இந்தத் தீவு இருக்கும் டோங்கின் வளைகுடா ஒரே தடவை ஏறி, ஒரே தடவை வற்றுகிறது. மாதத்தில் இரண்டு முறை, நிலா பூமத்திய ரேகையைக் கடக்கும் நாட்களையொட்டி, ஏற்றமும் வற்றமும் கிட்டத்தட்ட நின்றே போகும். 1678இல் பிரான்சிஸ் டேவன்போர்ட் என்ற ஆங்கிலேயர் இதைக் கவனித்து எழுதினார். வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1684இல் அந்தக் கடிதத்தை விளக்கத்தோடு வெளியிட்டார். நியூட்டன் தன் 'பிரின்சிபியா'வில் இந்த டோங்கின் ஏற்ற வற்றத்துக்கு ஒரு விளக்கம் தந்தார்: இரண்டு வழியாக வரும் அலைகள் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன என்று. அலைகளின் குறுக்கீட்டைப் பற்றி எழுதப்பட்ட முதல் விளக்கங்களில் அது ஒன்று.

பெரியம்மாவுக்கு நியூட்டன் தேவைப்படவில்லை. சுவரில் சந்திர நாட்காட்டி தொங்குகிறது, அது போதும். ஒரு நாளுக்கு ஒரே வற்றம் என்றால் ஒரு நாளுக்கு ஒரே வேலை நேரம். தவறவிட்டால் அன்றைய கூலி போச்சு.

விடிந்தபோது கடல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்வாங்கியிருந்தது. பெண்கள் வரிசையாக நடக்கிறார்கள். தலையில் நோன் தொப்பி, கண் மட்டும் தெரியும்படி முகத்தைச் சுற்றித் துணி, முழுக்கை, முழங்கால் வரை ரப்பர் காலணி. இடுப்பில் பிளாஸ்டிக் கூடை. தோளில் ஒரு மண்வெட்டி. நம் ஊர் மம்முட்டி போல் வளைந்ததல்ல. நீளமான மூங்கில் பிடியின் நுனியில் ஒடுங்கிய தட்டை இரும்பு, நேராகக் குத்தி நெம்புவதற்கு.

பெரியம்மா குனிந்து நடக்கவில்லை. நிமிர்ந்தே நடந்தார், கண் மட்டும் தரையில். நான் பார்த்தபோது மணலில் எல்லா இடத்திலும் துளைகள்: நண்டுத் துளை, சிப்பித் துளை, வேறு புழுக்கள் கக்கிய மணல் சுருள்கள். அவர் இவற்றில் எதையும் தொடவில்லை. திடீரென்று நின்றார். மண்வெட்டியை ஒரு சாண் தள்ளிக் குத்தினார், காலால் அழுத்தினார், ஒரே நெம்பு. புரண்ட மணல் கட்டியின் பக்கவாட்டில் ரோஸ் நிறத்தில் ஒரு விரல் பருமன் துடித்தது. அவர் அதை இழுக்கவில்லை. இழுத்தால் அறுந்துவிடும். கட்டியை உடைத்து மெதுவாக வெளியே எடுத்தார். முழு வேலையும் நான்கு விநாடி.

எப்படித் தெரிந்தது என்று மாணவி கேட்டாள். அவர் ஒரு இடத்தைக் காலால் தொடாமல் விரலால் சுட்டினார். உற்றுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. துளை எதுவும் இல்லை. மணல் லேசாகக் குழிந்து, நடுவிலிருந்து நாலாபக்கமும் மெல்லிய கீறல்கள் ஓடியிருந்தன. புழு மேலே வந்து வாயைச் சுற்றியிருக்கும் சவ்வால் மணலைத் துழாவிவிட்டுப் போன தடம் அது. காலடி அதிர்வு பட்டால் உடனே கீழே இறங்கிவிடும். அதனால்தான் எல்லோரும் தள்ளித் தள்ளி நடக்கிறார்கள், பேச்சும் குறைவு.

எனக்கு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஒரு சாணுக்குச் சற்று அதிக நீளம். குளிர்ந்திருந்தது. தோல் மினுமினுக்கிறது, முத்துச் சிப்பியின் உட்புறத்தில் தெரியும் அந்த நிற ஓட்டம். தோல் முழுக்க நெடுக்கும் குறுக்குமாகக் கோடுகள் ஓடிச் சின்னச் சின்னக் கட்டங்கள். நெடுக்குத் தசைகள் பட்டை பட்டையாகவும் வட்டத் தசைகள் அவற்றுக்குக் குறுக்காகவும் இருப்பதன் அடையாளம் அது. மண்புழுவில் பார்க்கும் வளையங்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. கணுக்களாகப் பிரிந்த உடல் இதற்குக் கிடையாது. முட்களும் இல்லை.

கையில் வைத்திருக்கும்போதே முன்பக்கம் வெளியே வந்தது. இன்ட்ரோவெர்ட் என்று புத்தகங்கள் சொல்லும் பகுதி. சட்டைக் கையை உள்பக்கமாக இழுத்துவிட்டு மறுபடி வெளியே தள்ளுகிற மாதிரி, உள்ளே இருந்து புரண்டு புரண்டு நீண்டது. அதன் மேல் முழுக்கப் பின்னோக்கிச் சாய்ந்த முக்கோணச் செதில்கள், ஒன்றன் மேல் ஒன்று. நுனியில் வாய், வாயைச் சுற்றி மடிப்பு மடிப்பான சவ்வு. விரலால் நுனியைத் தொட்டேன். முழுதும் ஒரே இழுப்பில் உள்ளே போய்விட்டது. உடல் குறுகிப் பருத்துக் கெட்டியானது. இந்த நிலையில் பார்த்தவர்தான் வேர்க்கடலை என்று பெயர் வைத்திருக்க வேண்டும். சிப்பங்குலஸைவிட அதன் சின்ன உறவுகளுக்குத்தான் அந்தப் பெயர் அதிகம் பொருந்தும்.

ஈர மணல் மேல் விட்டேன். தன்னைப் புதைத்துக்கொள்ளும் விதத்தைப் பார்க்க வேண்டும். இன்ட்ரோவெர்ட்டை மணலுக்குள் குத்துகிறது. உள்ளே அதன் நுனி உப்பி நங்கூரம் போடுகிறது. அந்தப் பிடியில் உடல் முன்னே இழுபடுகிறது. மறுபடி குத்து. செதில்கள் பின்னோக்கி இருப்பதால் வழுக்கித் திரும்பி வராது. வால் மறையும் வரை காத்திருக்கப் பெரியம்மாவுக்குப் பொறுமை இல்லை. எடுத்துக் கூடையில் போட்டுவிட்டார். அவருக்கு அது பணம்.

பகல் வெயில் ஏறும்போது கடல் திரும்ப வந்துவிட்டது. அவர் கூடையில் முக்கால் கிலோ இருக்கலாம். முன்பெல்லாம் இதே நேரத்தில் கூடை நிரம்பும் என்றார்.

புதன், சமையல்கட்டு

வீட்டுக் கொல்லையில் பெரியம்மாவும் அவர் மருமகளும் புழுக்களைச் சுத்தம் செய்தார்கள். ஒரு முனையை நறுக்கி, மெல்லிய மூங்கில் குச்சியை உள்ளே விட்டு, முழுப் புழுவையும் உள்வெளியாகப் புரட்டிவிடுகிறார்கள். குடலும் மணலும் தனியாக வந்துவிடும். பிறகு உப்பு நீரில் பலமுறை அலசல். மணல் ஒரு துகள் மிஞ்சினாலும் பல்லில் கடிபடும், வாங்குகிறவன் திரும்ப வரமாட்டான். ஒரு புழுவுக்கு அவர்களுக்கு ஆகும் நேரம் நான் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும் நேரம்.

எனக்கு இரண்டு புழுக்களை உயிரோடு விலைக்குக் கேட்டேன். பணம் வாங்க மறுத்து, ஏன் என்று மட்டும் கேட்டார். அறுத்துப் பார்க்க என்றதும் அவருக்கு ஒரே சிரிப்பு. தினமும் நூறு அறுக்கிறோமே, வந்து பார் என்றார்.

மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடி, கடல்நீர், தையல் ஊசிகள், நகக் கத்தரி. ஆய்வகம் தயார். குளிர்ந்த நீரில் நெடுநேரம் போட்டு அசைவு நின்ற பிறகு, முதுகுப் பக்கம் நடுக்கோட்டை விட்டுச் சற்றுத் தள்ளி நெடுக வெட்டினேன். கத்தரி நுழைந்த கணத்திலேயே உடல் தளர்ந்து, உள்ளிருந்த திரவம் தட்டில் பரவியது. இந்த விலங்கின் எலும்பு அந்தத் திரவம்தான். உடற்சுவரின் தசை திரவத்தை அழுத்தினால் இன்ட்ரோவெர்ட் வெளியே தள்ளப்படுகிறது. உள்ளே இழுக்க நான்கு தசைகள் இருக்கின்றன, முதுகுப் பக்கம் இரண்டு, வயிற்றுப் பக்கம் இரண்டு. விரித்து ஊசி குத்தியதும் அந்த நான்கும் வெள்ளை நாடாக்களாகத் தெளிவாகத் தெரிந்தன. நேற்று என் விரல் பட்டதும் இழுத்துக்கொண்டவை இவைதான்.

தட்டில் பரவிய திரவத்தின் நிறத்தைக் கவனித்தேன். முதலில் வெளிறிய ரோஸ். காற்றுப் படப் பட ஊதா கலந்த சிவப்பாக ஆழ்ந்தது. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் இல்லை இது, ஹீமெரித்ரின். இரும்பு இதிலும் உண்டு, ஆனால் ஹீம் வளையம் கிடையாது. இரண்டு இரும்பு அணுக்கள் சேர்ந்து ஒரு ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கின்றன. ஆக்சிஜன் ஏறினால் ஊதா, இறங்கினால் நிறமற்றது. விலங்குலகில் இதை வைத்திருப்பவை இந்தப் புழுக்களும், பிரியாபுலிடுகள், பிராக்கியோபாடுகள் என்ற கடல் உயிர்களும், மண்புழுவையும் சேர்த்த வளைதசைப் புழுக்களில் சிலவும் போன்ற வெகு சிலவே. இதயம் இல்லை, ரத்தக் குழாய் இல்லை, செவுள் இல்லை. ஹீமெரித்ரின் நிரம்பிய அணுக்கள் உடற்குழித் திரவத்தில் மிதந்து திரிகின்றன, புழு அசைய அசைய அவையும் கலங்கி எங்கும் போய்ச் சேர்கின்றன. உடற்குழியே தோலுக்கு அடியில் நெடுக்குக் கால்வாய்களாகக் கிளைத்துப் போயிருப்பதால் தோல் வழியாகவே மூச்சு நடக்கிறது.

கடல் வற்றி மணலில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும் நேரத்தில் என்ன செய்யும்? ஜெர்மானிய உடலியலாளர்கள் 1980களிலும் 90களிலும் பிரான்ஸின் பிரித்தானிக் கரையிலிருந்து இதே பெயர் கொண்ட புழுக்களை எடுத்துப் போய் இதை ஆராய்ந்தார்கள். ஆக்சிஜன் இல்லாத வேளையில் ஆக்டோபின், ஸ்ட்ராம்பின் என்ற பொருட்களை உண்டாக்கித் தசைக்கு ஆற்றல் எடுக்கிறது. உடல் திரவத்தில் அமிலம் ஏறினால் தன் வளர்சிதை வேகத்தையே குறைத்துக்கொள்கிறது. கடல் அமிலமாகி வருவதைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வுகளில் இவையும் உண்டு.

குடல்தான் இந்த விலங்கின் விசேஷம். வாயிலிருந்து கிளம்பிக் கீழே போகும் குழாயும், அடியில் திரும்பி மேலே வரும் குழாயும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டு, உடலைவிடப் பல மடங்கு நீளமாகக் கிடக்கின்றன. முறுக்கின் நடுவே ஒரு மெல்லிய தசை இழை அதைத் தாங்குகிறது. ஆசனவாய் வால் முனையில் இல்லை. முன்பக்கம், இன்ட்ரோவெர்ட் முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், முதுகு நடுவில். அடி அடைபட்ட துளைக்குள் தலை மேலாக வாழ்கிறவனுக்கு இது நல்ல ஏற்பாடு. கத்தரியால் குடலைக் கீறினேன். நுனி முதல் அடி வரை மணல். உணவைப் பொறுக்கியெடுக்கும் பழக்கமே இல்லை. மணலை அப்படியே விழுங்கி, துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் பாசியையும் பாக்டீரியாவையும் சீரணித்து, மணலைத் திருப்பிக் கக்குகிறது.

ஆசனவாய்க்குச் சற்று முன்னால், வயிற்றுப் பக்கம், பழுப்பு நிறத்தில் இரண்டு பைகள் தொங்கின. நெஃப்ரிடியங்கள். கழிவை வெளியேற்றுவதோடு, முட்டையையும் விந்தையும் வெளியே விடும் வழியும் இவைதான். உடற்சுவரின் உட்புறத்தில் நெடுக்குத் தசைப் பட்டைகளை லென்ஸ் வைத்து எண்ணினேன். 30ஐ ஒட்டி வந்தது. சிப்பங்குலஸ் நூடஸுக்கு 24 முதல் 34 வரை என்று வகைப்பாட்டு நூல்கள் சொல்கின்றன. இந்த எண்ணிக்கையின் கதையை நாளை சொல்கிறேன், அதில் வம்பு இருக்கிறது. வயிற்றுப் பக்கம் நடுவில் நரம்பு ஒரே இழையாக ஓடியது, மண்புழுவில் இருக்கும் முடிச்சுகள் இல்லாமல்.

பையில் ஃபோல்ட்ஸ்கோப் இருந்தது, அட்டையை மடித்துச் செய்யும் அந்த நுண்நோக்கி. ஒரு சொட்டுத் திரவத்தை வைத்துப் பார்த்தேன். வட்ட வட்ட ரத்த அணுக்களுக்கு நடுவில் சில உருவங்கள் சுழன்று ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் உப்பிய குமிழ், மறுபக்கம் துடிக்கும் இழைகள், பின்னால் இழுபட்டு வரும் சளி வால். அந்த வாலில் குப்பைகள் ஒட்டிக்கொண்டே போயின. 'அர்ன்' என்று பெயர், புழுவின் உடலுக்குள் துப்புரவு வேலை இவற்றுடையது. வெளியிலிருந்து வந்த பாக்டீரியா, செத்த அணு எல்லாவற்றையும் சளியில் சுருட்டி மூட்டை கட்டிவிடும். ஃப்ரெடரிக் பாங், பெட்சி பாங் தம்பதி பிரான்ஸின் ரோஸ்காஃப் கடல் நிலையத்தில் இவற்றை வைத்துச் சளி எப்படிச் சுரக்கிறது என்று ஆராய்ந்தார்கள். அட்டை நுண்நோக்கியை மாணவி கையிலிருந்து மருமகள் வாங்கினார், அவரிடமிருந்து பேரன் வாங்கினான், பிறகு எனக்குத் திரும்பி வரவே இல்லை.

மதியம் அறுக்காத மற்றதையும் சேர்த்துப் பூண்டோடு வறுத்துக் கொடுத்தார்கள். மொறுமொறுப்பு. கணவாய் ருசியில் கூடுதலாக ஒரு இனிப்பு. பச்சையாக இருக்கும்போது ஒரு சாண் இருந்தது வாணலியில் சுண்டு விரலாகிவிடுகிறது.

வியாழன், மழை

தோண்டப் போகவில்லை. மழையில் மணலின் மேல் தடம் நிற்காது. திண்ணையில் உட்கார்ந்து நேற்றுச் சொன்ன வம்பை எழுதுகிறேன்.

உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸ் 1766இல் இந்தப் புழுவுக்கு சிப்பங்குலஸ் நூடஸ் என்று பெயர் வைத்தார், ஐரோப்பியக் கடலில் கிடைத்ததை வைத்து. அதன் பிறகு உலகத்தில் எங்கே மணலைத் தோண்டி இப்படி ஒரு பெரிய, கட்டம் போட்ட புழு கிடைத்தாலும் இந்தப் பெயரே விழுந்தது. பிரித்தானியத் தீவுகள், மத்தியதரைக் கடல், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை, அமெரிக்காவின் இரு கரைகள், செங்கடல், இந்தியப் பெருங்கடல், ஜப்பான், சீனா, வியட்நாம். துருவங்கள் தவிர எல்லா இடத்திலும், கரை மணலிலிருந்து பல நூறு மீட்டர் ஆழம் வரை. எட்வர்ட் கட்லர் 1994இல் மொத்தத் தொகுதியையும் திருத்தியமைத்து ஏறக்குறைய 150 இனங்களாகச் சுருக்கியபோதும் இது ஒரே இனமாகவே நின்றது. தசைப் பட்டை எண்ணிக்கை 24 முதல் 34 வரை என்று அவ்வளவு அகலமாக வைத்தால் யார்தான் வெளியே நிற்பார்கள்?

ஒரே இனம் இவ்வளவு பரவியிருக்க முடியும் என்று நம்பியதற்கு நியாயமான காரணமும் இருந்தது. குஞ்சுப் பருவம். முட்டையிலிருந்து முதலில் ட்ரோக்கோஃபோர் லார்வா, பிறகு பெலகோஸ்ஃபெரா. இந்த இரண்டாவது இந்தக் கூட்டத்துக்கு மட்டுமே உரியது: இழைகளால் ஆன ஒரு வளையத்தைச் சுழற்றி நீந்திக்கொண்டே வளரும். ருடால்ஃப் ஷெல்ட்டமா அட்லாண்டிக்கின் நடுக்கடலில் வலை வீசி, சில வகைப் பெலகோஸ்ஃபெராக்கள் மாதக்கணக்கில் மிதந்து ஒரு கண்டத்திலிருந்து மறு கண்டத்துக்கே போகக்கூடும் என்று காட்டினார். அப்படியானால் கடல் முழுக்க ஒரே குடும்பம்தானே?

இல்லை. ஜிசெல் கவாவுச்சியும் கொன்சாலோ ஜிரிபெட்டும் 2014இல் பல கடல்களின் 'நூடஸ்'களை எடுத்து மரபணு வரிசையையும் உடற்கூறையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரே பெயருக்குள் தனித்தனிக் கிளைகள் பல வெளிப்பட்டன. வெளித்தோற்றத்தில் மயங்கும், ஆனால் கூர்ந்து பார்த்தால் உள்ளுறுப்பிலும் சில வேறுபாடு காட்டும் கிளைகள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: உலகம் முழுக்க ஒரே புழு என்ற பழைய வரைபடத்தை இன்னும் பாடத்தில் போட்டுக்கொண்டிருப்பது சோம்பல். வகைப்பாட்டின் விதிப்படி 'நூடஸ்' என்ற பெயர் ஐரோப்பியப் புழுவுக்குத்தான் போகும். மற்ற கடல்களின் கிளைகளுக்கு அவரவர் பெயர் வேண்டும். இது பெயர்ப் பலகை மாற்றும் வேலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். வளைகுடாவின் சீனப் பக்கத்தில், குவாங்ஷியின் பெய்ஹாய் பகுதியில், குஞ்சு பொரிக்கும் பண்ணைகள் இருக்கின்றன. புழு குறைந்துபோன கரைகளில் பண்ணைக் குஞ்சுகளை விட்டு நிரப்பலாம் என்ற யோசனை எங்கேயும் எழும். எந்தக் கிளையின் குஞ்சை எந்த மணலில் விடுகிறோம் என்று தெரியாமல் செய்தால், இங்கே இருப்பது என்ன என்று அறிவதற்கு முன்பே கலந்துவிட்டிருப்போம். பிரித்தானிப் புழுவில் கண்ட உடலியல் குவான் லான் புழுவுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதிலும் இதே சிக்கல். நேற்று நானே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், வேறு வழியில்லை.

மாணவி நேற்றைய புழுவின் உடற்சுவரில் பட்டாணி அளவு துண்டு வெட்டி எத்தனால் குப்பியில் போட்டு வைத்திருந்தாள், அவள் துறைக்கு. இடம், தேதி எல்லாம் எழுதிவிட்டு, இனம் என்ற இடத்தில் 'சிப்பங்குலஸ் சி.எஃப். நூடஸ்' என்று எழுதினாள். 'நூடஸோடு ஒப்பிடுக' என்பது அதன் பொருள், அதற்கு மேல் உறுதி சொல்லவில்லை. நல்ல பழக்கம்.

பெரியம்மா கேட்டார், மண்புழுவுக்கு இது சொந்தமா என்று. நூறு வருஷத்துக்கு மேல் விலங்கியல் தகராறு பட்ட கேள்வி. நெடுங்காலம் இதைத் தனித் தொகுதியாகவே வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் இப்போது வளைதசைப் புழுக்களுக்குள்ளேயே, சீக்கிரம் பிரிந்துபோன ஒரு கிளையாக வைக்கின்றன. கணுக்கள் இல்லையே என்றால், ஒரு காலத்தில் இருந்து தொலைந்திருக்கலாம். 2008இல் வேறொரு வேர்க்கடலைப் புழுவின் லார்வாவில் நரம்பணுக்கள் முதலில் கணுக்கணுவாக ஜோடி சேர்ந்து முளைத்து, வளர வளர அந்த ஒழுங்கு கலைந்துபோவதைக் கண்டார்கள். தொலைந்ததும் நேற்றல்ல. யுனானில் குன்மிங் பக்கத்துச் செங்ஜியாங் பாறைகளில் 52 கோடி வருஷத்துக்கு முந்தைய வேர்க்கடலைப் புழுக்கள் கிடைத்தன, 2004இல் விவரித்தார்கள். அப்போதே கணு இல்லை, குடல் முன்னோக்கித் திரும்பியிருக்கிறது. ஹனோயைத் தொட்டு ஓடும் செந்நதி அந்த யுனானில்தான் பிறக்கிறது. மாணவி இதையெல்லாம் எவ்வளவு மொழிபெயர்த்தாள் என்று தெரியாது. 'தூரத்துச் சொந்தமாம்' என்று முடித்துவிட்டாள் போல, பெரியம்மா தலையாட்டினார்.

வெள்ளி, வான் தோன் சந்தை

மழை விட்டதும் முதல் படகில் கிளம்பிவிட்டோம்.

சந்தையில் காய்ந்த சா சுங் கண்ணாடிப் பெட்டிகளுக்குள், சின்னச் சின்னக் கட்டுகளாக. நல்ல சரக்கு தந்த நிறம், நேராக, தட்டினால் சத்தம் கேட்கும் அளவுக்குக் காய்ந்தது. கொதிநீரில் முக்கி, வெயிலிலோ கரி அடுப்பின் இளஞ்சூட்டிலோ உலர்த்துகிறார்கள். பச்சைப் புழுவில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் கிலோக்கணக்கில் தோண்டியது கைப்பிடியாகிவிடுகிறது. விலையின் ரகசியம் பாதி அதில், மீதி அந்த ஒற்றை வற்றத்தில். பக்கத்திலேயே கருத்த, குட்டையான இன்னொரு புழு பாதி விலைக்கும் கீழே குவிந்திருந்தது. பொங் துவா என்றார்கள், சேற்றுப் பக்கம் கிடைப்பது. ஃபுஜியனின் ஷியாமென் பக்கம் இதே மாதிரிச் சேற்றுப் புழு ஒன்றைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதன் கொலாஜனிலேயே கட்டிப்படும் ஜெல்லியாகத் தின்கிறார்கள். அது பாஸ்கோலோசோமா என்ற வேறு பேரினம்.

மருந்து, வீரியம் என்று சந்தையில் சொல்லும் கதைகளை நான் நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். ருசிக்கு வாங்குங்கள். ஐரோப்பியர்கள் இதை 'பீபி' என்று கூப்பிட்டுத் தூண்டிலில்தான் மாட்டுகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: ஹனோயிலிருந்து வேன்காரர்கள் படகுச் சீட்டும் சேர்த்தே பதிந்து கொடுப்பார்கள். வாரநாளில் போனால் தீவு காலி. தோண்டுவதைப் பார்க்க வேண்டுமானால் அறை எடுக்குமுன் வற்ற அட்டவணையைப் பாருங்கள், நீர் நகராத வாரத்தில் போய்ச் சேர்ந்தால் கடற்கரை மட்டும்தான் மிஞ்சும். மணல்வெளியில் பெண்களுக்குப் பின்னால் நடங்கள், முன்னால் நடந்தால் திட்டு விழும். ஃபோட்டோவுக்குக் கேட்டுவிட்டு எடுங்கள், முகத்தை மூடியிருப்பது வெயிலுக்காக மட்டுமல்ல. 100 கிராம் காய்ந்தது வாங்கினால் போதும், ஒரு பானைச் சாற்றுக்கு நாலைந்துதான் தேவை. போடும் முன் வெறும் வாணலியில் வாசம் வரும் வரை வறுத்து, நடுவில் கீறி உள்ளே மணல் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.